பாதியில் நின்ற கை

சந்தியாகோ,
பிப்ரவரி, ஞாயிறு காலை.

அன்பு மகள் யஹைராவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் உடம்பளவில் சுகம். நீயும் ரெனாலும் அப்படியே இருக்க வேண்டும் என்று தினமும் கேட்டுக்கொள்கிறேன். பாஸ்டனில் பனி கொட்டுகிறது என்று செய்தியில் காட்டுகிறார்கள், காது மறைகிற மாதிரி குல்லாய் போட்டுக்கொள், ஈரத் தலையோடு வெளியே போகாதே. இங்கே அப்பாவின் முழங்கால் முன்னைக்கு இப்போது தேவலை, கொல்லை மாமரம் காலம் தப்பிப் பூத்திருக்கிறது, சமையலறை ஓட்டில் ஒழுகல் நின்றபாடில்லை. நீ போனை எடுப்பதில்லை, அதில் உன்மேல் எனக்கு வருத்தமும் இல்லை. கடிதமென்றால் உனக்குத் தோன்றுகிற நேரத்தில் பிரிக்கலாம், படிக்க முடியாமல் போனால் மடித்து வைத்துவிட்டு இன்னொரு நாள் எடுக்கலாம், அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

அந்த வீடியோவை அனுப்பி நீ ஒரே வரி கேட்டிருந்தாய், "அம்மா, இது நீயா?" என்று. "மைதானத்துச் சூட்டில் வாயில் வருவதுதான், பெரிசு பண்ணாதே" என்று நானும் ஒரே வரியில் பதில் போட்டேன். மைதானத்தில் நான் செய்தது ஒரு அசிங்கம், உனக்கு அந்தப் பதிலைப் போட்டது இரண்டாவது அசிங்கம். வகுப்பில் ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையைக் கிள்ளிவிட்டு "சும்மா விளையாட்டுக்கு டீச்சர்" என்று சொன்னால் நான் என்ன செய்வேன் என்று உனக்குத் தெரியும், நீயே என் நாலாம் வகுப்பில் உட்கார்ந்தவள். கிள்ளு வாங்கிய பிள்ளையைக் கூப்பிட்டு, இவனுக்கு அது விளையாட்டாக இருந்ததா என்று கேட்கச் சொல்வேன். நான் யாரையும் கேட்கவில்லை. அன்று நடந்ததை முழுவதுமாகச் சொல்கிறேன், வீடியோவில் இருப்பது அதன் வால் மட்டும்தான்.

பேஸ்பால் இறுதிப் போட்டியின் கடைசி ஆட்டம், நம் ஊர் மைதானத்திலேயே. கடைசி இன்னிங்ஸ் வரை நம் மஞ்சள் அணி ஒரு ஓட்டம் முன்னால் நின்றது. ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் சுடச்சுடப் பொரித்த பஸ்தெலிட்டோ பலகாரம் வாங்க வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஒரு அம்மாள், என் வயதுதான் இருக்கும். அவர் போட்டிருந்த சட்டை இடப்பக்கம் மஞ்சள், வலப்பக்கம் நீலம், நடுவில் தைத்துச் சேர்த்திருந்தது. தையல் இருந்த இடமே தெரியவில்லை. இந்த வேலையை யார் செய்தது என்று கேட்டேன், நானேதான் என்றார், பெயர் லூசியென், எஸ்பெரான்சாவில் கோயிலுக்குப் பக்கத்தில் பள்ளிச் சீருடை தைக்கிறாராம். இரண்டு அணியையும் ஒரே உடம்பில் போட்டால் பாவமில்லையா என்று கேலி செய்தேன். அவர் சிரித்துக்கொண்டே, "மஞ்சள் எங்களுக்கு மூணு வருஷம் சோறு போட்டிச்சு, இப்ப நீலம் போடுது. எதைக் கழட்டி எறியறது, சொல்லுங்க?" என்றார். வீட்டில் யார் ஆடுகிறார்கள் என்று நான் கேட்கவில்லை. என் முறை வந்துவிட்டது, வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஒஸ்னெல் பியேரை உனக்கு நினைவிருக்கும், போன சீசன் வரை நம் மூன்றாம் பேஸில் நின்றவன், நீ லீவில் வந்தபோது அவன் பெயர் போட்ட சட்டையை நான்தான் உனக்கு வாங்கித் தந்தேன். அவன் மட்டை பிடிக்க வரும்போதெல்லாம் நான் என் பானை மூடியைக் கரண்டியால் தட்டுவேன். மூன்று வருடமும் அந்தச் சத்தம் கேட்டால் நம் பக்கம் திரும்பித் தொப்பியைத் தொடுவான். எனக்கும் அவனுக்கும் வேறு பழக்கம் இல்லை, ஆனால் அந்த நேரத்தில் அவன் என் பிள்ளை மாதிரி இருப்பான். இந்த வருடம் நீலம் அவனை வாங்கிக்கொண்டது. கடைசி இன்னிங்ஸில் அவன் அடித்த பந்து சுவரில் மோதியது, அவர்கள் ஆட்கள் இரண்டு பேர் ஓடி வந்து ஓட்டம் எடுத்துவிட்டார்கள், நம் கதை முடிந்தது. அவன் இரண்டாம் பேஸில் நின்று மூச்சு வாங்கினான். நான் எழுந்து மூடியைத் தட்டினேன். அவன் பழக்க தோஷத்தில் திரும்பினான், கை தலைக்குப் போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் கத்தினேன், எல்லைப் பாலத்தைத் தாண்டி உன் ஊருக்கே ஓடு, ஹெய்த்திக்காரா என்று. அவன் பிறந்தது எஸ்பெரான்சாவின் கரும்புத் தோட்டக் குடியிருப்பில் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அவன் கை காதுப் பக்கத்திலேயே நின்றுவிட்டது. பிறகு மெல்ல இறங்கியது.

அதோடு நின்றிருந்தால் ஒரு கிழவியின் திமிர் என்று போயிருக்கும். முப்பது பிள்ளைகளைப் பின்னால் சொல்ல வைத்துப் பழகிய தொண்டை இது. வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கிற அதே தாளத்தில் இரண்டாவது தடவை சொன்னேன், நம் வரிசை சேர்ந்து சொன்னது, மூன்றாவது தடவை பக்கத்துப் பகுதியும் சேர்ந்துகொண்டது. நீ பார்த்த வீடியோ அங்கே தொடங்குகிறது. கரும்பலகையில் நான் ஒரு எழுத்தைத் தப்பாகப் போட்டால் வகுப்பு முழுவதும் அதை நோட்டில் தப்பாக எழுதும், அப்போது ஈரத்துணியால் அழித்துவிட்டுப் பிள்ளைகளே டீச்சர் தப்பு செய்துவிட்டேன் என்று சொல்வேன். இதை எந்தத் துணியால் அழிப்பது? இரண்டு வரிசை கீழே அந்தப் பாதி மஞ்சள் பாதி நீலச் சட்டை திரும்பியது. லூசியென் என்னைப் பார்த்தார். கோபம் இருந்திருந்தால் பதிலுக்குக் கோபப்பட்டிருப்பேன். வரிசையில் பேசியவள் இவள்தான் என்று அடையாளம் கண்டுகொண்டது மட்டும்தான் அவர் முகத்தில் இருந்தது. அவர் யாருடைய அம்மா என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பா தன் நீலத் தொப்பியைக் கழற்றிச் சட்டைக்குள் செருகிக்கொண்டு எழுந்தார். அவர் அணி ஜெயித்த நாள், பாவம். முழங்கால் வலியோடு வீடு வரைக்கும் தனியாக நடந்தே போனார். நான் வந்தபோது கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். "ஒரு மனுஷனைத் திட்ட உனக்கு வேற வார்த்தையே கிடைக்கலையா நெரெய்தா?" என்று மட்டும் கேட்டார்.

எங்கள் கல்யாணக் கதை உனக்கு மனப்பாடம். நீல அணிக்காரனுக்கு மஞ்சள் வீட்டுப் பெண்ணைத் தருவதாவது என்று உன் தாத்தா கோயில் வாசலிலேயே நின்றுகொண்டார், மாப்பிள்ளை மஞ்சள் டை கட்டினால்தான் உள்ளே வருவேன் என்றார், அப்பாவும் கட்டிக்கொண்டார். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தே உன்னை வளர்த்தோம். இப்போது படுத்தால் தூக்கம் வராமல் அதையே நினைக்கிறேன். டையைக் கட்டலாம், கழற்றலாம். ரெனால் மாப்பிள்ளையாக அந்த வாசலில் வந்து நின்றால் அவரை எதைக் கழற்றச் சொல்லியிருப்பேன்? நீ அவரைப் பற்றி முதல் தடவை சொன்னபோது நான் கேட்ட கேள்வி, எந்த அணி என்பதுதான். எதுவும் இல்லை, அவருக்குக் கால்பந்துதான் பிடிக்கும் என்றாய், பரவாயில்லை திருத்திவிடலாம் என்று சிரித்தேன். அவருடைய அப்பாவும் அம்மாவும் ஹெய்த்தியிலிருந்து வந்தவர்கள் என்று நீ சொன்னதும் நான் ஓட்டு ஒழுகலைப் பற்றிப் பேசத் தொடங்கினேன். நீ கவனித்திருப்பாய். நீ எதையும் கவனிக்காமல் விடுகிறவள் இல்லை.

தெரு வழக்கப்படி அடுத்த ஞாயிறு தோற்ற அணிக்கு வேடிக்கைத் துக்கம் வைத்தார்கள். அந்த அணிக்காக அதிகமாக வாய் கிழியக் கத்தியவர்தான் பிணம், இந்த வருடம் அது நான்தான். நம் சாப்பாட்டு மேசையில் வெள்ளைத் துணி விரித்து, மூக்கில் பஞ்சு வைத்து, மார்பில் பானை மூடியை வைத்துப் படுத்தேன். ஜெபமாலை முடியும் வரை பிணம் வாய் திறக்கக் கூடாது, பிணத்தின் வீடு வந்தவர்களுக்கெல்லாம் இஞ்சித் தண்ணீரும் பிஸ்கட்டும் கொடுக்க வேண்டும், யார் என்ன கேலி செய்தாலும் கேட்டுக்கொண்டு கிடக்க வேண்டும். வழக்கமாக நம் தெருக்கோடி யோலென்தான் ஒப்பாரி. அவளைப் போல மாரடித்து அழுது சிரிக்க வைக்க இந்தப் பேட்டையில் ஆள் கிடையாது. ஹெய்த்திக்காரி என்று சொல்லாமல் பெயர் சொல்லி அழைக்கிறோமே தவிர அவளும் பாலத்துக்கு அந்தப் பக்கம் பிறந்தவள்தான். நீ டெங்குவில் கிடந்தபோது இரவெல்லாம் உன் நெற்றியில் ஈரத்துணி மாற்றியது அவள்தான். இந்தத் தடவை அவள் வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு அவள் குரலுக்காகக் காத்திருந்தேன். வராது என்று எனக்கே தெரியும்.

முடிதிருத்தும் மில்சியாதெஸ் பேச ஆரம்பித்தான், அவன் நீலம். "எங்க ஆளையே பாலம் தாண்டச் சொன்ன வாய், பாருங்க மக்களே, இப்ப பஞ்சை அடைச்சுக்கிட்டுக் கிடக்குது" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அப்புறம் டீச்சருக்கு மரியாதையாக எல்லோரும் சேர்ந்து சொல்லுங்கள் என்று என் வார்த்தையை என் தாளத்திலேயே எடுத்துக் கொடுத்தான். வீடு முழுவதும் சொன்னது. மஞ்சள் சட்டை சொன்னது, நீலச் சட்டையும் சொன்னது. ஒஸ்னெல் அடித்த அடியால்தான் அவர்கள் ஜெயித்தார்கள் யஹைரா, அவர்களும் சொன்னார்கள், கையில் நம் வீட்டு இஞ்சித் தண்ணீரோடு. இதில் அணி என்பதே இல்லை என்று எனக்கு அங்கே படுத்துக்கொண்டுதான் புரிந்தது. இத்தனை வருடம் பாடம் நடத்தியவளுக்கு இவ்வளவு தாமதமாக.

எழுந்து உட்கார்ந்தேன். மூடி தரையில் விழுந்த சத்தத்தில் யாரோ நிஜமாகவே அலறிவிட்டார்கள். மூக்கில் பஞ்சோடுதான் பேசினேன். "நிறுத்துங்க. அதைக் கத்தினது நான். அது அசிங்கம். என் வீட்டுல அதை இனிமே யாரும் சொல்லாதீங்க" என்றேன். மில்சியாதெஸ் இன்னும் சிரித்துக்கொண்டு, "டீச்சர், பொணம் பேசக் கூடாது, ஆட்டம்னா ஆட்டம்தான்" என்றான். சமையலறை வாசலில் கெட்டிலோடு நின்ற அப்பா, "உயிரோட இருந்தப்ப பேசாததைச் செத்த பிறகாவது பேசட்டும், விடுப்பா" என்றார். யாரும் சிரிக்கவில்லை. பாதிப் பேர் கோப்பையை வைத்துவிட்டுப் போய்விட்டார்கள், வேடிக்கையைக் கெடுத்துவிட்டேன் என்று முணுமுணுத்துக்கொண்டே. மீதிப் பேர் இருந்து சண்டை போட்டார்கள். ஒருத்தி, ஹெய்த்திக்காரர்களால்தான் ஆஸ்பத்திரியில் கட்டில் கிடைக்கவில்லை என்றாள். இன்னொருவர், உன் வீட்டுக்குச் சிமெண்ட் குழைத்தது யார் என்று திருப்பிக் கேட்டார். யாரும் யாரையும் மாற்றிவிடவில்லை. மில்சியாதெஸ் மட்டும் போகும்போது என் முகத்தைப் பார்க்காமல் கீழே கிடந்த மூடியை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டுப் போனான். வகுப்பில் ஒரு பிள்ளை எழுந்து இல்லை டீச்சர் என்று மறுத்துப் பேசினால் அன்றைக்குத்தான் பாடம் நடந்தது என்று நினைத்துக்கொள்வேன். இந்த நாட்டைப் பற்றி எனக்கு மிச்சமிருக்கிற நம்பிக்கையும் அந்த அளவுதான், ஆனால் இருக்கிறது.

மறுநாள் அப்பாவும் நானும் பஸ் ஏறி எஸ்பெரான்சா போனோம். லூசியென் தையல் மிஷினில் இருந்தார். என்னைப் பார்த்ததும் மிஷினை மிதிப்பதை நிறுத்தினார். அப்பாவின் காலைப் பார்த்து அவருக்கு ஒரு நாற்காலி போட்டார், இரண்டு பேருக்கும் தண்ணீர் கொடுத்தார். நான் செய்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் துணியை மிஷினிலிருந்து எடுத்து நீவினார். "என் பையனைப் பார்த்துக் கத்தினீங்க, அவனுக்குப் பதிலா நான் மன்னிக்க முடியாது. அவன் மெக்ஸிகோவுல ஆடப் போயிருக்கான், வந்ததும் அவன்கிட்டச் சொல்லுங்க. கதவைத் திறந்தாலும் திறப்பான், திறக்காமலும் இருப்பான்" என்றார். பிறகு, "இதைவிட மோசமாக் கேட்டிருக்கோம்மா. ஆனா என் தையலைப் பாராட்டின வாயிலேருந்து கேட்டது இதுதான் முதல் தடவை" என்றார். தண்ணீரைக் குடித்துவிட்டு வந்தோம். திரும்பி வரும்போது அப்பா பஸ்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவன் வந்ததும் மறுபடி போவேன். யோலென் வீட்டுக்கும் போனேன், அவள் கதவைத் திறந்து, அடுப்பில் வேலை இருக்கிறது பிறகு வாருங்கள் என்றாள். பிறகும் போவேன்.

இனி உன் விஷயம். புனித வாரத்துக்கு ரெனாலைக் கூட்டிக்கொண்டு வருவதாக இருந்தாய், டிக்கெட்டை ரத்து செய்துவிட்டதாக அப்பாவிடம் சொன்னாயாம். அதை மாற்று என்று நான் கேட்கப் போவதில்லை. இந்தக் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டு, நான் கத்திய வார்த்தையையும் விடாமல் படி, எனக்காக எதையும் மென்மைப்படுத்தாதே. அதன் பிறகு அவர் வரமாட்டேன் என்றால் அது அவர் உரிமை, நீ அவர் பக்கம் நில். வருவதாக இருந்தால் புனித வாரத்துக்கான இனிப்பு அவரைக்கொட்டைக் கஞ்சி காய்ச்சி வைப்பேன், யோலென் வந்தால் அவளுக்கும் ஒரு பானை. வராவிட்டாலும் காய்ச்சுவேன், தெருவில் கொடுத்துவிடலாம்.

உடம்பைப் பார்த்துக்கொள். வேலை வேலை என்று சாப்பிடாமல் இருக்காதே. கடவுள் உன்னையும் அவரையும் கைவிடாமல் காக்கட்டும், உங்கள் வீட்டில் எந்தச் சத்தத்துக்கும் பயந்து கதவைச் சாத்த வேண்டிய நாள் வராமல் இருக்கட்டும். அப்பா தன் ஆசீர்வாதத்தையும் எழுதச் சொன்னார், முழங்காலைப் பற்றி அதிகம் எழுதாதே என்றும் சொன்னார்.

ஒன்று மட்டும் மறக்காதே. நீ அவரைப் பற்றிச் சொல்லி ஒன்றரை வருடம் ஆகிறது, அவருடைய அம்மாவின் பெயரை நான் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேர் பெயரையும் மனப்பாடமாக வைத்திருந்தவள் நான். ஒரு வரி போதும், வேறு எதுவும் எழுத வேண்டாம். அந்த அம்மாளின் பெயரையும் அதை எப்படிச் சொல்வது என்பதையும் எழுதி அனுப்பு. சரியாகச் சொல்லிப் பழகி வைக்கிறேன்.

உன் அம்மா,
நெரெய்தா