பிடியரிசி

பாறசாலை,
செப்டம்பர் 1954.

அன்புள்ள அத்தானுக்கு,

ஊழியத்துக்காகத் தோளில் ஒரு பையோடு சயாமைச் சுற்றுவதையும், காசை மிச்சம்பிடிக்க ஒரு வேளை மட்டும் சாப்பிடுவதையும் எழுதியிருந்தீர்கள். உபதேசியார் அதைச் சபையில் வாசித்தார். பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். இங்கே நானும் பிள்ளைகளும் ஒரு வேளைதான் சாப்பிடுகிறோம். அதை யாரும் வாசிப்பதில்லை.

உலை வைக்கும்போது சபைக்கென எடுத்துவைக்கும் பிடியரிசியை விற்று, அந்தக் காசை இம்மாதம் உங்களுக்கு அனுப்பப்போகிறார்களாம்.

திருவிதாங்கூரை விட்டு நம் பகுதி தமிழகத்தோடு சேரவேண்டும் என்று ஊர்வலம் போன என் தம்பி, போலீசுக்குப் பயந்து கள்ளிக்காட்டு மலையில் கிடக்கிறான். அவனுக்காக ஜெபிக்கச் சொன்னேன்.

"அவன் பேரச் சொன்னா போலீசு நம்மளையும் பிடிக்குமாக்கும் மக்கா," என்றார் உபதேசியார்.

என் வீட்டுப் பிடியரிசியை அவனுக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தனுப்பிவிட்டேன். அங்கே பட்டினி கிடந்தால் விவரமாக எழுதுங்கள். சபையார் ஆவலாக இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
உங்கள் பிள்ளைகளின் அம்மா.