உன் பெயரில் நான் பாடிய மாதம்

இந்தக் கடிதம் யார் கையில் கிடைத்தாலும் கும்பிட்டுக் கேட்கிறேன், யாருக்கும் காட்டாதீர்கள். பெரியப்பாவுக்குக் காட்டவே வேண்டாம். படித்தது போதும் என்று என்னைப் பாடசாலையிலிருந்து நிறுத்திவிடுவார். அம்மா வெளிநாட்டில் வேலைக்குப் போயிருக்கிறார். எனக்காகப் பேச இங்கே ஆளில்லை.

அக்கா, உன் போனில் கருவாட்டு நாற்றம் அடிக்கிறது. கோபப்படாதே. அதை ஒளித்துவைக்கக் கருவாட்டு டின்னைவிட நல்ல இடம் இந்தத் தேயிலைத் தோட்டத்து லயத்துக் காம்பராவில் கிடையாது. உன் கருமாதி முடிந்த பிறகும், முப்பதாம் நாள் கழியும்வரை வீட்டில் கவிச்சி கூடாது, ரேடியோ கூடாது, பாட்டு கூடாது என்று பெரியப்பா, உன் அப்பாதான், சட்டம் போட்டிருக்கிறார். துக்கமாம். லயத்துக்குக் காட்டுகிற பவுசு. அதனால் அந்த டின்னை யாரும் திறப்பதில்லை. போனைத் தேடி உன் பெட்டியைக் கொட்டினார், என் புத்தகப்பையைக் கொட்டினார். கருவாட்டுக்குள் கைவிட்டுப் பார்க்கிற அளவுக்கு அவருக்கு மூளை இல்லை.

நீ போனில் சேர்ந்திருந்த பாட்டுக் குழுவின் விதி: இந்த மாதம் முழுக்க நாளுக்கொரு பாட்டு எழுதி, பாடிப் பதிந்து அதில் போட வேண்டும். ஒரு நாள் தவறினாலும் பெயரை நீக்கிவிடுவார்கள். பதுளைத் துணிக்கடையில் நாள் முழுக்க நின்று கால் வீங்கி வருவாய். வந்ததும் முகம் கழுவுகிற சாக்கில் மலைத்தண்ணீர் விழும் பீலிக்குப் போவாய். தண்ணீர்ச் சத்தத்தில் நீ பாடுவது யாருக்கும் கேட்காது என்று உன் எண்ணம்.

அந்தக் குழுவில் கொழும்புக்காரர் ஒருவர் தினமும் தேயிலைக் கொழுந்தின் கண்ணீரைப் பாடுவார். "இந்தாள ஒரு அட்டையாச்சும் கடிச்சிருக்குமாடி?" என்று கேட்டாய். சிரித்துச் சிரித்து எனக்கு விக்கல் வந்தது. உன் பாட்டும் அப்படியொன்றும் உசத்தியில்லை. எதை எடுத்தாலும் நிலா. பசறை பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்காததைப் பற்றி எழுதினாயே, அதிலும் நிலா.

காய்ச்சலில் நீ விழுந்ததும் உன் அப்பா தீர்ப்புச் சொன்னார்: "பொழுது சாஞ்சு பீலியில நின்னு பாட்டுப் படிச்சா, காத்து கருப்பு சும்மா வுடுமா?" பூசாரியைக் கூட்டிவந்து நூல் கட்டினார். பெரியம்மா ஆஸ்பத்திரி என்று வாயெடுத்தபோது, நூல் கட்டின கையோடு மருந்து தின்றால் பலிக்காது என்று அடக்கினார். பெரியம்மாவும் அடங்கினார். அடங்குவதில் அவரைப்போல் கெட்டிக்காரி இந்தத் தோட்டத்தில் இல்லை.

நீ என்னைக் கிட்டக் கூப்பிட்டுச் சொன்னது வேறு. "இன்னிக்குப் பாட்ட வுட்டுறாத. நீ பாடி அனுப்பு. பேரு போயிரும்." அன்று பாடி அனுப்பினேன். மறுநாளும் அனுப்பினேன். கடைசியில் உன்னை லொறியில் பதுளைக்கு ஏற்றிப்போனபோது உனக்கு நினைவே இல்லை. நீ பெட்டியில் திரும்பி வந்த நாளிலும் அனுப்பினேன். அழுதுகொண்டே எழுதியதால் அது படுமோசமான பாட்டு.

கருமாதிக்கு வந்தவர்களிடமெல்லாம், எம் புள்ளைக்குப் பாட்டுன்னா உசுரு என்று உன் அப்பா மூக்கைச் சிந்தினார். நீ இருந்தபோது கூத்தாடி என்றவர். உன் கீபோர்டைக் கோயில் பஜனைக்குக் கொடுத்துவிட்டு, ஒலிபெருக்கியில் தன் பெயரைச் சொல்லவைத்தார். பஜனைக்காரர்களுக்கு அதை எந்தப் பக்கம் வைத்து வாசிப்பது என்றே தெரியாது.

குழுவில் இருப்பவர்களும் அதே ரகம்தான். நீ போனது அவர்களுக்குத் தெரியாது. போர்வைக்குள் நான் முனகி அனுப்பியதைக் கேட்டு, 'அருமை சகோதரி, குரலில் இப்போதுதான் முதிர்ச்சி வந்திருக்கிறது' என்று எழுதுகிறார்கள். ஆள் மாறியதைக் கண்டுபிடிக்க ஒரு காதுகூட அங்கே இல்லை.

இன்று கடைசிப் பாட்டு. பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று சொல்லிக் குசினியில் அடுப்பருகே உட்கார்ந்து, கதவைத் தாழ்போட்டுவிட்டுப் பதிந்திருக்கிறேன். இதில் நிலா இல்லை, மலை இல்லை. உன் அப்பா சொன்ன காத்து கருப்பைத்தான் பல்லவியாக வைத்தேன். சரணத்தில் நூல், பூசாரி, லொறி. முடிவில் நீ இறந்துவிட்டாய் என்று பாடி, பாடுவது யார் என்று என் பெயரையும் சொல்லியிருக்கிறேன். பசறைக் கடைக்காரர் மகன் ஒருவன் குழுவில் இருக்கிறான். விடிந்ததும் லயம் முழுக்கத் தெரிந்துவிடும். இன்னும் அனுப்பவில்லை.

உன் கீபோர்டில் ஒரு கட்டை பேசாது. அதனால் உன் மெட்டெல்லாம் அந்த இடத்தில் ஒரு துள்ளல் துள்ளித் தாண்டும். கீபோர்டே இல்லாமல் பாடுகிற நானும் அங்கே துள்ளுகிறேன். ஒழுங்காகப் போகிற மெட்டு அதனால் கெட்டுப்போகிறது, அக்கா. திருத்த மனம் வரவில்லை.

கதவைத் தட்டுகிறார்கள். பெரியப்பா.

"யாருகூடடி பேசுற? தொற."

அனுப்பிவிட்டேன், அக்கா. இன்னும் போகவில்லை, திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. தாழ்ப்பாள் ஆடுகிறது. பாட்டு போய்விட்டது. இனி அவர் என்னை