வசந்திக்காக வானின் சத்தத்தைக் குறைத்தது

ஆவணி 4, திங்கள்

சோளகக் காற்று ஓயவில்லை. புளியங்கூடலில் இருந்து காலை ஐந்தரைக்கு எங்கள் வான் வண்டியில் ஆசுபத்திரிக்குப் புறப்பாடு. மனைவி வசந்திக்கு இன்று ஒன்பதாவது கதிர்ச் சிகிச்சை. மொத்தம் முப்பது. தலைக்குள் இருந்த கட்டியை ஆனியில் வெட்டினார்கள். எடுக்க முடியாமல் விட்ட மிச்சத்துக்குத்தான் இது.

வானின் நடு ஆசனங்களைக் கழற்றி மெத்தை போட்டிருக்கிறேன். படுத்தபடி வருகிறாள். ஆனால் இருபது வருடமாகத் தீவுப் பாதையில் ஹயருக்கு ஓடிய வான். எஞ்சின் முன் ஆசனத்துக்குக் கீழே. தகரம் ஒவ்வொன்றுக்கும் ஒரு சத்தம். ஆசுபத்திரி வாசலில் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு இறங்கினாள்.

"நோகுதோ?"

"நோ இல்லை. தலைக்குள்ள ஆரோ தகரம் அடிக்கிறமாதிரிக் கிடக்கு."

வரும்போது பின்னால் இருந்து ஏதோ சொன்னாள். சரியாகக் கேட்கவில்லை. "ஓம், ஓம்" என்றேன்.

கார் பிடிக்கலாம். தினமும் கட்டாது. காரில் காலை நீட்டிப் படுக்கவும் முடியாது.

ஆவணி 5, செவ்வாய்

பின்னேரம் மடக்கின விரல் கணுவால் வான் முழுக்கத் தட்டிப் பார்த்தேன்.

கூரை — மத்தளம்.
இழுவைக் கதவு — மிக மோசம். ஓர ரப்பர் காய்ந்து வெடித்திருக்கிறது.
பின் சில்லுகளுக்கு மேல் — கல் தெறிக்கிற சத்தம் நேரே மெத்தைக்கு.
எஞ்சின் மூடி — பாதிச் சத்தம் இதால்தான்.
சில்லு மாற்றுகிற ஜக், கழன்ற பெல்ட் கொக்கி — துணி சுற்றினாலே காணும், வேறொன்றும் வேண்டாம். சுற்றியாயிற்று.

கொழும்பில் இதற்கென்றே ஒட்டுகிற தகடு இருக்கிறதாம். போன் எடுத்து விலை கேட்டேன். நன்றி சொல்லி வைத்துவிட்டேன்.

சீனி முடிந்துவிட்டது. வாங்க வேண்டும்.

ஆவணி 6, புதன்

வ.வுக்குப் பதினொன்றாவது.

ஹாட்வெயார் கடையில் கூரை ஒழுக்குக்கு ஒட்டுகிற தார் நாடா கண்டேன். மலிவு. நல்ல பாரம். தகரம் அதிராமல் இருக்கப் பாரம்தானே வேண்டும். பின்னேரம் முழுக்க அதே வேலை. கூரை, கதவு, சில்லு மேடு. தட்டினால் முன்பு 'டங்'. இப்போது 'டொப்'.

வசந்தியைக் கூப்பிட்டுத் தட்டிக் காட்டினேன். தானும் ஒருக்கால் தட்டிப் பார்த்தாள். சிரித்தாள். வெட்டினபிறகு இப்படிச் சிரித்து நான் காணவில்லை.

ஆவணி 8, வெள்ளி

எழுத மனமில்லை. எழுதுகிறேன்.

நேற்று வெயில் இல்லை, மப்பு; மணம் ஒன்றும் தெரியவில்லை. இன்று ஆசுபத்திரியில் வான் நான்கு மணித்தியாலம் வெயிலில் நின்றது. உள்ளே தார் இளகி மணம். கண்ணாடிகளைத் திறந்துவிட்டுத்தான் ஓடினேன். பண்ணைப் பாலத்தில் ஏறினதும், "நிப்பாட்டுங்கோ" என்றாள். கதவைத் திறக்க முன்னமே சாப்பிட்டதெல்லாம் சத்தியாக வந்துவிட்டது. பிறகு கடலோரத்தில் இன்னும் மூன்று தரம். காற்றில் தலைத்துணி பறந்துபோயிற்று. மயிர் இல்லாத தலையை என் கையால் மறைத்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். பஸ்ஸில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்னிலதான் பிழை. மணம் வருமெண்டு யோசிக்கேல்லை. மன்னிச்சுக்கொள்ளும்."

"மன்னிப்புக் கேக்காதேங்கோ. கேட்டா நான்தான் உங்களுக்கு ஆறுதல் சொல்லோணும். எனக்கு இப்ப ஏலாது."

ஆவணி 9, சனி

சனி, ஞாயிறு சிகிச்சை இல்லை. காலையில் இருந்து தாரைச் சுரண்டினேன். மண்ணெண்ணெய் போடப் பயம், அதற்கும் மணம். வெறும் தகடு, சவர்க்காரத் தண்ணீர். இரண்டு கையிலும் கொப்புளம்.

வேலணையில் குஷன் தைக்கிற ரஞ்சன் அண்ணை கேள்விப்பட்டு வந்தார். வானுக்குள் தலையை விட்டு மணந்து பார்த்தார்.

"என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே ஐசே."

"கேட்டிருக்கலாம், அண்ணை."

"ஏசி வேலை செய்யிற பெடியள் ஒட்டுற ரப்பர்ப் பசை நாடா இருக்கு. மேல வெள்ளித்தாள். வெயிலுக்கு மணக்காது. முழுக்க மூடத் தேவையில்லை. ஒவ்வொரு தகரத்துக்கும் நடுவில கால்வாசி ஒட்டினாக் காணும், அதிராது. மிச்சத்துக்கு என்ர கடை வெட்டுத்துண்டு கிடக்கு, கொண்டு வாறன்."

வசந்தி எப்படி என்று அவர் கேட்கவில்லை. போகும்போது குசினிப் பக்கம் பார்த்து, "தங்கச்சி, நாளைக்குப் பின்னேரம் எல்லாம் சரி" என்றார்.

ஆவணி 10, ஞாயிறு

காற்று. வானம் வெளிப்பு. ரஞ்சன் அண்ணையும் நானும் ஏழு மணியில் இருந்து வேலை.

ஒட்டியது: கூரை, கதவுகள், சில்லு மேடு, தளம் — வெள்ளித்தாள் பசை. அதற்கு மேல் மெத்தைக் கடைக் கழிவில் அழுத்தின பஞ்சுத் தகடு, இரண்டு மடிப்பு. தளத்தில் அதன்மேல் தடித்த ரப்பர்ப் பாய். எஞ்சின் மூடிக்கு உள்ளே ஒன்றும் ஒட்டவில்லை (சூடு, நெருப்புப் பயம்). வெளியே மட்டும். கதவுக்குப் புது ஓர ரப்பர்.

வெறும் ஸ்பொஞ்ச் மட்டும் போட்டால் சத்தம் நிற்காதாம். முதலில் பாரம், பிறகுதான் மெத்து.

முடிந்ததும் ரஞ்சன் அண்ணை ஓட்ட, நான் வசந்தியின் மெத்தையில் படுத்தேன். பக்கத்து ஊர் சரவணை வரை போய் வந்தோம். எவ்வளவோ குறைவு. ஆனாலும் ரோட்டுக் கிடங்கில் விழுந்த ஒவ்வொரு தரமும் பிடரிக்குள் இடித்தது. குறைந்தபிறகே இப்படி. பதின்மூன்று நாள் முன் ஆசனத்தில் இருந்து ஓட்டினேன். ஒருநாளாவது இதில் படுத்துப் பார்க்கவில்லை.

ஆவணி 12, செவ்வாய்

பதினைந்தாவது. பாதி முடிந்தது. போகும்போதும் வரும்போதும் நித்திரை. பண்ணைப் பாலத்தில் கடற்காற்று மோதுகிற சத்தம்கூடப் பெரிதாக இல்லை. அவள் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது.

ஆவணி 14, வியாழன்

பதினேழாவது. வரும்போது, அல்லைப்பிட்டி தாண்டினதும்:

"இஞ்சேருங்கோ. இது காணும்."

"இல்லையப்பா. பின்கதவு இன்னும் கொஞ்சம் கிடக்கு. சனிக்கிழமை செய்து தாறன்."

"வானைச் சொல்லேல்லை. ஆசுபத்திரிக்குப் போறதைச் சொல்லுறன்."

ஓரமாக நிறுத்தினேன்.

"எப்ப இருந்து இப்பிடி யோசிக்கிறீர்?"

"போன கிழமையும் சொன்னனான். ரண்டு தரம். நீங்கள் ஓம் ஓம் எண்டனீங்கள். கேக்கேல்லை எண்டு எனக்குத் தெரியும்."

கோபம் வந்தது. வாய் தவறிவிட்டது. "இவ்வளவு பாடுபட்டுச் செய்தது இதைக் கேக்கவோ?"

அழவில்லை அவள். "கத்திச் சொல்லுற விசயம் இல்லை இது. இண்டைக்குத்தான் மெதுவாச் சொல்லக்கூடியதாக் கிடந்தது" என்றாள்.

வானைக் கிளப்பினேன்.

ஆவணி 15, வெள்ளி

டொக்டரிடம் அவளே கேட்டாள். முழுக்கச் செய்தால் என்ன, விட்டால் என்ன. நல்ல பிள்ளை அந்த டொக்டர். ஒன்றையும் மறைக்கவில்லை. செய்தால் கொஞ்சம் கூடக் காலம் கிடைக்கலாம், எவ்வளவு என்று சொல்ல முடியாது. நோய் முற்றாக மாறாது. விடுவதென்றால் நோவுக்கும் சத்திக்கும் மருந்து தருவார்கள். "அம்மா, முடிவு உங்கட" என்றார்.

வசந்தி என்னைப் பார்த்தாள். நான் சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்தேன்.

நோவு மருந்துக்கும் சத்தி மருந்துக்கும் சீட்டு வாங்கினேன். வானைக் கிளப்பத் திறப்பை எங்கே வைத்தேன் என்று தேடினேன். கையில் இருந்தது.

ஆவணி 17, ஞாயிறு

பிரான்சில் இருக்கும் மகனுக்குச் சொல்ல வேண்டும். நான் சொல்கிறேன் என்றேன். "நீங்கள் சொன்னா அவன் உங்களோட சண்டை பிடிப்பான். நான் கதைக்கிறன்." பக்கத்து வீட்டில் ரேடியோ. வானுக்குள் இருந்து கதைக்கப் போகிறேன் என்றாள். கைபிடித்து ஏற்றி, போனைக் கொடுத்துக் கதவைச் சாத்தினேன்.

முற்றத்தில் நின்றேன். கண்ணாடிக்குள்ளால் அவள் வாய் அசைவது தெரிந்தது. ஒரு சொல்லும் வெளியே வரவில்லை. ஒருதரம் தலையை இரண்டு பக்கமும் ஆட்டினாள். பிறகு நெடுநேரம் போனைக் காதில் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தாள். அவன் அழுகிறான் போல. கதவுப் பிடியில் கை வைத்தேன். எடுத்துவிட்டேன்.

அரை மணித்தியாலம் இருக்கும். கண்ணாடியில் தட்டினாள்.

"என்ன சொன்னவன்?"

"வாறானாம். ரிக்கற் பாக்கிறான்."

"நீர் என்ன சொன்னனீர்?"

"எல்லாம் சொன்னனான். அப்பாவை ஏசக்கூடாது எண்டும் சொன்னனான்."

நானும் ஏறினேன். கதவைச் சாத்தினேன். அவள் மடியில் தலை வைத்து அழுதேன். வெட்டின நாளில்கூட நான் அழவில்லை. முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். "அழுங்கோ, அழுங்கோ. வெளியில ஒருத்தருக்கும் கேக்காது" என்றாள்.

ஆவணி 18, திங்கள்

போகவில்லை. ஒன்பது மணிவரை நித்திரை கொண்டாள்.