ஹம்மாமின் புகைக்குப் பன்னிரண்டு சாட்சிகள்

மராக்கேஷ்,
பிப்ரவரி, ஞாயிறு பிற்பகல்.

அன்பு மகள் ருமைஸாவுக்கு,

உடம்பைப் பொறுத்தவரை நானும் உன் அப்பாவும் குறையில்லாமல் இருக்கிறோம். மொன்றியாலின் பனியில் நீயும் காலில் ஈரம் ஏறாமல், வேளைக்குச் சாப்பிட்டு, சுகமாக இருக்கிறாய் என்று நம்பித்தான் இதைத் தொடங்குகிறேன். ஹலீமா அத்தைக்கு முழங்கால் வலி குறையவில்லை, ஆனால் வாய் குறையில்லாமல் இருக்கிறது. பள்ளிக்கூடம் முழுநேரமும் திறந்துவிட்டார்கள். இத்தனை நாள் திரைக்குப் பின்னால் இருந்த பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரம் நாற்காலியில் உட்காரத் தெரியவில்லை, வரலாறு எங்கே ஏறப்போகிறது. தினமும் பேசும்போது ஏன் காகிதத்தில் எழுதுகிறேன் என்று நினைப்பாய். போனை எடுத்தால் உன் அப்பா பக்கத்தில் இருக்கிறார், அவர் இல்லாவிட்டால் எதிர்க்கடை ஸீ புஅஸ்ஸா உன் குரல் கேட்டுக் கடையை விட்டு ஓடிவந்து எட்டிப்பார்க்கிறார். அவர்கள் இருவர் காதிலும் விழக்கூடாத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நம் ஹம்மாம், ஊரே வந்து குளித்த அந்த வெந்நீர்க்கூடம், போய்விட்டது, மகளே. "வழக்கு இழுத்துக்கொண்டிருக்கிறது" என்று உன் அப்பா உன்னிடம் சொல்லிவருவது உண்மையில்லை. போன மாதமே தீர்ப்பு வந்துவிட்டது. நீ பள்ளியில் படிக்கும்போது, கட்டடம் ஹாஜியுடையது, உள்ளே நடக்கும் தொழிலும் அதன் சாவி உரிமையும் எங்களுடையது, தாத்தா விலை கொடுத்து வாங்கியது, எங்களை யாரும் சும்மா வெளியே அனுப்ப முடியாது என்று தோழிகளிடம் பெருமை பேசுவாய். அந்த உரிமையைத்தான் நீதிமன்றம் ஒரு பைசா ஈடில்லாமல் ரத்து செய்துவிட்டது. நாங்கள் வாடகை தவறியதாலும் இல்லை, வேறு குற்றம் செய்ததாலும் இல்லை. எப்படி நடந்தது என்பதை நீ ஒழுங்காகத் தெரிந்துகொள்ள வேண்டும். இல்லாவிட்டால் யார்மீதாவது கோபப்படுவாய், அந்தக் கோபம் தப்பான ஆள்மீது விழும்.

நோய் வந்ததும் ஊரிலுள்ள ஹம்மாம்களை எல்லாம் மூடச் சொல்லி ஆணை வந்தது உனக்கு நினைவிருக்கும். உன் அப்பா அன்றே கதவைப் பூட்டிவிட்டார். ஆனால் அடுப்பை அணைக்கவில்லை. தலைமுறையாக ஈரம் குடித்த சுண்ணாம்புப் பூச்சு ஒருமுறை முழுவதும் குளிர்ந்துவிட்டால் பாளம்பாளமாக விழும் என்பது அவருக்குத் தெரியும், அதனால் ஆளில்லாத கூடத்துக்குக் கொஞ்சமாக விறகு போட்டுச் சூடு காட்டிக்கொண்டே இருந்தார். சந்துக்காரர்கள் எப்போதும்போலத் தஞ்சியா சமையலுக்கு இறைச்சி அடைத்த மண்குடங்களைக் கொண்டுவந்து அடுப்புச் சாம்பலில் புதைத்துவிட்டுப் போவார்கள். குளிக்க யாரையும் விட்டதில்லை. கதவைத் தட்டிக் கெஞ்சிய ஹலீமா அத்தையைக்கூட விடவில்லை, அத்தை ஒரு மாதம் அவரோடு பேசவில்லை. பிறகு திறக்கலாம் என்றார்கள், கூரைப் பூச்சைச் சரிசெய்ய ஆளைப் பிடித்தோம், சாரம் கட்டி முடிப்பதற்குள் மறுபடி மூடு என்றார்கள். இப்படியே போனது காலம்.

இடையில் ஹாஜி அந்த நோயிலேயே இறந்தார். இறுதித் தொழுகைக்குக்கூட நாங்கள் போக முடியவில்லை. கட்டடம் காஸாபிளாங்காவில் இருக்கும் அவருடைய இரண்டு மகன்களுக்கு வந்தது. அவர்களைக் கெட்டவர்கள் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. சுற்றுலாப் பயணிகளை நம்பி அவர்கள் நடத்திய விடுதி காலியாகக் கிடந்தது, வங்கி கழுத்தை நெரித்தது, விற்க அவர்களிடம் இருந்தது நம் தலைக்கு மேலிருந்த கட்டடம்தான். சாவி உரிமைக்கு ஈடு கொடுக்காமல் எங்களை வெளியேற்ற வழி தேடினார்கள். கடை நீண்ட காலம் தொடர்ந்து மூடிக்கிடந்து வாடிக்கையாளரை இழந்துவிட்டால் ஈடு தர வேண்டியதில்லை என்று வாடகைச் சட்டத்தில் ஓர் இடம் இருக்கிறது, அதைப் பிடித்துக்கொண்டார்கள். அரசே மூடச் சொன்னதை இந்தக் கணக்கில் சேர்க்கலாமா என்று யாருக்கும் தெரியவில்லை, சட்டம் எழுதியவர்கள் கொள்ளைநோயை நினைத்து எழுதவில்லை. நம் வக்கீல் அஸ்மா நிதானமான பெண். மூடு என்ற ஆணைகளை வரிசையாகக் காட்டினால் போதும், ஜெயிக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது, வேறெதுவும் செய்யாதீர்கள் என்றுதான் சொன்னாள்.

ஆனால் மகன்களின் மனுவில் ஒரு சொல் இருந்தது. உன் அப்பா ஹம்மாமைக் "கைவிட்டார்" என்று எழுதியிருந்தார்கள். அந்தச் சொல் அவரைத் தின்றது. சாப்பிடும்போது சொல்வார், தொழுதுவிட்டு எழும்போது சொல்வார். "ரெண்டு வருஷம் காலி ரூமுக்கு விறகு போட்டவன் நான், கைவிட்டேனாம்." அது வழக்கமாக வக்கீல்கள் எழுதும் சொல், உங்களைத் தனியாகத் திட்டவில்லை என்று நான் சொன்னேன். "உனக்கு அது வெறும் வார்த்தை, நுஸ்ஹா" என்றார். அஸ்மாவிடமும் சொல்லாமல், என்னிடமும் சொல்லாமல், பழைய முறைப்படி பன்னிரண்டு பேர் சாட்சி எழுதிவாங்கக் கிளம்பிவிட்டார். சந்து ஆண்கள் பன்னிரண்டு பேர், சாட்சிப் பத்திரம் எழுதும் இருவர் முன்னால் போய், தங்களுக்குத் தெரிந்ததைச் சொல்ல வேண்டும். ஹம்மாமில் பாதி நாள் பெண்களுடையது, ஆனாலும் அந்தப் பன்னிரண்டில் எங்களுக்கு இடமில்லை. இருந்திருந்தால் ஹலீமா அத்தை ஒருத்தியே போதும், தன்னை உள்ளே விடவில்லை என்று நீதிமன்றம் அதிரச் சொல்லியிருப்பாள்.

அன்று சந்தே கல்யாணத்துக்குப் போவதுபோலப் போனது. சலவை செய்த ஜலாபா அங்கி, மழித்த முகம், ஒருவர் தலையில் விசேஷ நாளுக்கு மட்டும் எடுக்கும் தொப்பி. திரும்பி வந்து நம் வீட்டில் தேநீர் குடித்தார்கள், ஒருவர் சொன்னதை மற்றவர் திருத்திக்கொண்டு சிரித்தார்கள். ரொட்டிச் சூளைக்காரர், "என் குடத்து இறைச்சி எப்படி வெந்ததுன்னு கேட்டாங்க, நான் ருசி வரைக்கும் சொல்லிட்டேன்" என்றார். ஸீ புஅஸ்ஸா மூலையில் கண் கலங்க உட்கார்ந்திருந்தார். உன் அப்பா முகத்தில் நீண்ட நாளைக்குப் பிறகு ரத்தம் ஓடியது. பத்திரத்தை நேரே நீதிமன்றத்தில் கொடுத்துவிட்டுத்தான் வந்திருந்தார்.

பதினோரு பேர் புகையைச் சொல்லியிருந்தார்கள். அடுப்பு அணையவில்லை, குடங்கள் வெந்தன, உன் அப்பா தினமும் வந்து திறந்து பார்த்துப் பூட்டினார் என்று உள்ளதை உள்ளபடி சொல்லியிருந்தார்கள். புஅஸ்ஸா மட்டும் இன்னொரு வாக்கியம் சேர்த்திருந்தார். மூடியிருந்தது என்று சொல்கிற அந்தக் காலம் முழுவதும் தான் வியாழன்தோறும் அங்கே குளித்ததாகச் சொல்லியிருந்தார்.

அது பொய், ருமைஸா. அவர் வீட்டுக் கொல்லையில் வாளியில் தண்ணீர் காயவைத்துக் குளித்ததை அவர் மனைவி என்னிடம் எத்தனை முறை சொல்லிப் புலம்பியிருக்கிறாள். ஆனால் அவர் எண்ணத்தில் அது பொய்யே இல்லை. நண்பனின் கடை உயிரோடு இருந்தது என்று சொல்ல வேண்டும், புகையைச் சொன்னால் போதுமா, ஆள் குளித்தால்தானே அது ஹம்மாம். தவிர, அவருடைய கறுப்புச் சோப்பும் தேய்ப்புத் துணியும் புதினாவும் நம் கதவைப் பார்த்துத்தானே இத்தனை வருடம் விற்றன. அன்பும் பயமும் கலந்து அந்த ஒரு வாக்கியத்தைக் கொண்டுவந்துவிட்டன.

எதிர்த்தரப்பு வக்கீல் இளைஞர், மெதுவான குரல். அவர் அந்தப் பத்திரத்தை எதிர்க்கவே இல்லை. அப்படியே ஏற்கிறோம் என்றார். அப்படியானால் நெருக்கடிக்கால ஆணையை மீறி இங்கே தொழில் நடந்திருக்கிறது, குத்தகைக்காரர் தாமாகக் கொண்டுவந்த சாட்சியே சொல்கிறது, சட்டவிரோதத் தொழில் நடத்தியவருக்கு ஈடு எதற்கு என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார். நான் பின்வரிசையில் இருந்தேன். சாட்சிகள் சொல்வதை முதலில் சந்தேகப்படுங்கள் என்று ஆண்டுதோறும் வகுப்பில் சொல்கிறவள் நான். அந்த நிமிடம் அது எதற்கும் உதவவில்லை.

அஸ்மா கொஞ்சம் அவகாசம் கேட்டு எங்களைத் தாழ்வாரத்துக்குக் கூட்டிவந்தாள். அவளுக்குக் கோபம், ஆனாலும் அடக்கிக்கொண்டு பேசினாள். ஒரே வழிதான் இருக்கிறது, அந்தச் சாட்சி பொய் என்று உன் அப்பா சொல்ல வேண்டும், அதை நிரூபிக்கவும் முடியும், ஆனால் பொய்ச்சாட்சிக்குத் தனி வழக்கு வரும், அதில் சிறையும் உண்டு என்றாள். புஅஸ்ஸா வயதானவர், விட்டுவிடுவார்கள் என்று நான் சொன்னேன். உன் அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். "விட்டுடுவாங்கன்னு நீ எழுதித் தருவியா, நுஸ்ஹா?" என்று கேட்டார். நான் எதையும் அவ்வளவு எளிதாக நம்புகிறவள் இல்லை என்பது அவருக்குத் தெரியும். "எனக்காகத்தானே சொன்னான். அவன் கைல விலங்கு மாட்டிட்டு நான் யாரைக் குளிக்கக் கூப்பிடுவேன்?" என்றார்.

உள்ளே போனதும் நீதிபதி நேராகவே கேட்டார், தடை இருந்த காலத்தில் ஆட்களைக் குளிக்க விட்டீர்களா என்று. நல்ல மனிதராகத்தான் தெரிந்தார், இல்லை என்று சொல்லட்டும் என்று காத்திருந்ததுபோலவும் எனக்குத் தோன்றியது. உன் அப்பா கைகளைக் கட்டிக்கொண்டு, "சாட்சி சொன்னது காகிதத்துல இருக்கு, ஐயா. அதுக்கு மேல நான் சொல்ல ஒண்ணுமில்லை" என்றார். அவ்வளவுதான். மேல்முறையீடு செய்யலாம், ஆனால் அங்கேயும் இதே பத்திரம்தான் முன்னால் வந்து நிற்கும் என்கிறாள் அஸ்மா.

வீடு வரும்வரை நான் அவரோடு பேசவில்லை. அன்று மட்டுமில்லை, சில நாள் பேசவில்லை. ஒரு மனிதர் கண்ணியமாக இருக்கும்போது பக்கத்தில் இருக்கிறவளுக்கு எவ்வளவு கோபம் வரும் என்பதை யாரும் சொல்லித்தருவதில்லை. உன் படிப்புக்கும் அவர் முதுமைக்கும் இருந்த ஒரே சொத்தை அவர் எனக்கும் சேர்த்து விட்டுக்கொடுத்தார், என்னிடம் கேட்காமல். இன்னும் அந்தக் கோபம் முழுக்கப் போகவில்லை, உன்னிடம் மறைப்பதில் அர்த்தமில்லை. ஆனால் சாவியை ஒப்படைக்க வேண்டிய நாளுக்கு முந்தின மாலை அவர் அடுப்புக்குப் போவதைப் பார்த்து நானும் பின்னாலேயே போனேன். விறகு போடும் ஆளை அனுப்பிவிட்டுத் தானே உட்கார்ந்து தணலை இழுத்து, தண்ணீர் ஊற்றாமல், அதுவாக அணையட்டும் என்று விட்டார். சாம்பலில் யாரோ புதைத்து மறந்துபோன குடம் ஒன்று கிடைத்தது. அதைத் துடைத்து, ஓரமாக வைத்து, "யாரோடதுன்னு கேட்டுக் குடுத்துடணும்" என்றார். பிறகு கூடத்துக்குள் போய்ச் சுவரில் உள்ளங்கையை வைத்தபடி வெகுநேரம் நின்றார். நானும் தொட்டுப்பார்த்தேன், இன்னும் சூடாகத்தான் இருந்தது.

தான் சேர்த்த அந்த வாக்கியத்தால்தான் வழக்கு போனது என்று புஅஸ்ஸாவுக்குத் தெரியாது. சந்தில் மற்றப் பதினோரு பேருக்கும் தெரியும், ஒருவரும் அவரிடம் வாய் திறக்கக்கூடாது என்று உன் அப்பா சொல்லிவிட்டார். ஓட்டைவாய் ரொட்டிச் சூளைக்காரர்கூட இதுவரை அடக்கிக்கொண்டிருக்கிறார், எப்படி என்று எனக்கே ஆச்சரியம். புஅஸ்ஸா பூட்டிய கதவுக்கு எதிரில் பழையபடி சோப்பை அடுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். போன வாரம் புதினா வாங்கப் போனேன். கட்டைக் கையில் கொடுத்துவிட்டு விடாமல் பிடித்துக்கொண்டார். "டீச்சரம்மா, தப்பு என்னோடதுதான்" என்றார். யாரோ சொல்லிவிட்டார்கள் என்று நினைத்தேன். "வாரம் ஒரு தடவைன்னு சொல்லிட்டேன் பாருங்க. தினமும் குளிச்சேன்னு சொல்லியிருந்தா அந்த ஜட்ஜ் நம்பியிருப்பாரு" என்றார். நீங்கள் சொன்னதே போதும், நன்றாகத்தான் சொன்னீர்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டுதான் அழுதேன்.

அதனால்தான் இந்தக் கடிதம். அடுத்தமுறை போனில் அவர் எட்டிப்பார்க்கும்போது உன்னிடமும் இதையே சொல்வார். முகத்தை அதற்குத் தயாராக வைத்துக்கொள். பெரியப்பா, நீங்கள் சொன்னதே போதும் என்று சொல், வேறு ஒன்றும் வேண்டாம். அப்பாவிடம் உனக்குத் தெரியும் என்று காட்டாதே, அவர் சொல்லும் நாளில் புதிதாகக் கேட்பதுபோலக் கேட்டுக்கொள். படிப்பை நிறுத்திவிட்டு வருகிறேன் என்று மட்டும் எழுதாதே, என் சம்பளம் இருக்கிறது, ஒரு வேளைச் சாப்பாட்டைக் குறைத்து எனக்கு உதவுவதாக நினைத்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. கழுத்தில் கம்பளித் துணி சுற்றாமல் வெளியே போகாதே. நானும் உன் அப்பாவும் இல்லாத இடத்திலும் உனக்கு நல்ல அண்டை அயல் வாய்க்க வேண்டும், எல்லாம் வல்லவன் உன்னைக் குளிரிலிருந்தும் கெட்ட நேரத்திலிருந்தும் காக்க வேண்டும்.

பார்சலில் பாதாம், உலர்ந்த புதினா, அத்தை பின்னிய காலுறை, புஅஸ்ஸா கொடுத்த கறுப்புச் சோப்பு ஒரு டப்பா இருக்கின்றன. சோப்புக்குக் காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார். வியாழக்கிழமை அதைத் தேய்த்துக் குளித்தேன் என்று அவரிடம் சொல். ஆனால் குளித்துவிட்டுச் சொல்.

உன் அம்மா,
நுஸ்ஹா