முள் பாதியில் நின்ற வண்டி

திட்டிக்கிட்டே சோறு போட்டு வளர்த்த என் அம்மாவுக்கு,

சாரல் தொடங்கிட்டும்மா. மேலகரத்துல நம்ம வீட்டு வாசல்ல காலையில இருந்தே குற்றாலம் போற கார் வரிசை கட்டி நிக்குது. ரோட்டைத் தாண்ட முடியல. நீ இருந்திருந்தா, இவனுக ஊர்ல எல்லாம் தண்ணியே கிடையாதாக்கும்னு ஒரு பாட்டம் திட்டித் தீர்த்திருப்ப. நீ போனதுக்கு அப்புறம் வர்ற ரெண்டாவது சீசன் இது.

நம்ம அம்பாசிடர் கார்ல டீசல் முள்ளு இருக்குத மீட்டர் போர்டை மாத்தியாச்சு. உனக்கு மட்டும் சொல்லணும்னா உன் போட்டோ முன்னால நின்னு சொல்லிட்டுப் போயிருவேன். நாலு பேர் படிக்கட்டும்னுதான் எழுத்துல போடுதேன். நீ எப்படிப் போனங்கிறதை நாங்க ஊர் முழுக்கத் தப்பாச் சொல்லி வச்சிருக்கோம். எழுதச் சொன்னது அப்பாதான்.

அப்பா ஆளு பாதியாயிட்டாரும்மா. பட்டாளத்துல லாரி ஓட்டின அந்த உடம்பை இப்ப நீ பார்த்தா நம்ப மாட்ட. சட்டை கொடியில காயுத மாதிரி தொங்குது. தட்டு முன்னால உட்காருவாரு, ரெண்டு வாய் அள்ளுவாரு, போதும்னு கை கழுவிருவாரு. உன்னைக் கொடுத்த கையோட இவரையும் கொடுத்துருவேனோன்னு எனக்கு ஒரே பயம். அந்தப் பயத்துலதான் மீட்டரை மாத்துத யோசனையே வந்துச்சு.

படிக்கிறவங்களுக்கு நம்ம வீட்டுப் பழக்கம் தெரியாதுல்லா, அதைச் சொல்லிருதேன். அப்பா ரிட்டயர் ஆகி வந்து ஆசையா வாங்கின டீசல் வண்டி அது. எல்லாம் சரியா இருக்கும், டீசல் முள்ளு மட்டும் கோளாறு. டேங்க் நிறைஞ்சிருந்தா ஒழுங்காக் காட்டும். பாதிக்கு இறங்கினதும் அங்கனயே உட்கார்ந்துக்கிடும். அதுக்கப்புறம் டேங்க் வறண்டு போனாலும் பாதிதான். வேற வீடா இருந்தா மறுநாளே மெக்கானிக்கைக் கூப்பிட்டிருப்பாங்க. நம்ம வீட்டுல கூப்பிடல, ஏன்னா நீ இருந்த.

முன் சீட்டுல உட்கார்ந்துக்கிட்டு நீதான் கணக்குச் சொல்லுவ. டீசல் போட்டதுக்கு அப்புறம் சங்கரன்கோவில் போயாச்சு, அச்சன்புதூர் கல்யாணத்துக்குப் போயாச்சு, இனி ஓடாது, எண்ணெய் போடுங்கன்னு சொல்லுவ. வீட்டுல வேற எல்லாத்துக்கும் உன்கூட மல்லுக்கு நிக்கிற அப்பா, இதுக்கு மட்டும் மறுபேச்சு இல்லாம பம்புக்குத் திருப்புவாரு. தென்காசியில வயரிங் கடை வச்சிருக்க மைதீன் அண்ணன், மாத்திருவோம் மதினின்னு எத்தனையோ தடவை கேட்டாரு. அது எதுக்குத் தண்டத்துக்கு, நான் இருக்கேன்லான்னு நீதான் விரட்டி விட்ட.

அன்னைக்கு நான் திருவேங்கடத்துல ஆபீஸ்ல இருந்தேன். உனக்கு நெஞ்சு வலின்னதும் பக்கத்து வீட்டுல ஆம்புலன்சைக் கூப்பிடச் சொல்லியிருக்காங்க. அது வர்றதுக்குள்ள நான் திருநெல்வேலியே போயிருவேன்னு சொல்லிட்டு, அப்பா உன்னைப் பின் சீட்டுல படுக்க வச்சுக் கிளம்பிட்டாரு. பாவூர்சத்திரம் தாண்டி ஆலங்குளம் வர்றதுக்கு முன்னால வண்டி நின்னுட்டு. டீசல் சொட்டு இல்ல.

பைக்குல போன ஒரு புண்ணியவான் கேன்ல டீசல் வாங்கிட்டு வந்து ஊத்தினாரு. டீசல் வண்டி வறண்டு நின்னா ஊத்தின உடனே ஓடாது, பைப்புல காத்து பிடிச்சுக்கிடும், அதை வெளியேத்தணும். மலை ரோட்டுல, பனியில எல்லாம் அந்த வேலையைச் செஞ்ச மனுசன், அன்னைக்கு ஸ்பேனர் கையில நிக்காம திண்டாடியிருக்காரு. கடைசியில ஒரு லோடு வண்டியை மறிச்சு உன்னை ஏத்தினாங்க. கொஞ்சம் முன்னாடி கொண்டு வந்திருந்தா பார்த்திருக்கலாம்னு டாக்டர் சொன்னப்ப நானும் ஆஸ்பத்திரிக்கு வந்துட்டேன். அப்பா சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னாரு.

துட்டிக்குத் துக்கம் விசாரிக்க வந்தவங்க எல்லாரும் ஒண்ணைத்தான் சொன்னாங்க. மீட்டர் பொய் காட்டிட்டு, அவர் என்ன செய்வாரு பாவம். சித்தி சொன்னா, நான் சொன்னேன், ஆறுதலுக்குச் சொல்லிச் சொல்லி நானே நம்பிட்டேன். அப்பா மட்டும் ஆமான்னும் சொல்லல, இல்லைன்னும் சொல்லல. வண்டியைக் கொட்டகையில விட்டுப் பூட்டினவருதான், விக்கவும் இல்ல, எடுக்கவும் இல்ல.

அந்தச் சனியன் பிடிச்ச மீட்டர் வீட்டை விட்டுப் போனா அப்பா மனசு ஆறும்னு நான்தான் முடிவு பண்ணினேன். மைதீன் அண்ணன் மதுரையில பழைய சாமான் கடையில தேடிப் பிடிச்சு, நல்லா ஓடுத ஒரு போர்டு வாங்கிட்டு வந்தாரு. அப்பாகிட்டக் கேட்டதுக்கு, செய்யுன்னு ஒரே வார்த்தை.

போன ஞாயித்துக்கிழமை வேலை நடந்துச்சு. மழை தூறிக்கிட்டே இருந்துச்சு. மைதீன் அண்ணன் பேட்டரி வயரைக் கழட்டிட்டு, போர்டோட ஸ்குரூவை எடுத்துட்டு, பின்பக்கம் கையை விட்டு ஸ்பீடாமீட்டர் கேபிளைத் திருகித் திருகிக் கழட்டினாரு. ஒவ்வொரு வயரா எடுத்துப் புது போர்டுல மாட்டினாரு. எல்லாம் முடிச்சுச் சாவியைத் திருப்பினா, சின்ன பல்பு எல்லாம் எரியுது. யாரோ முகம் தெரியாத ஆளு ஓட்டின கிலோமீட்டர் நம்ம வண்டியில ஏறி உட்கார்ந்திருக்கு. எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்கல.

டீசல் முள்ளு கீழ படுத்துக் கிடந்துச்சு. கேன்ல இருந்து ஊத்தினதும் கொஞ்சம்போல எழுந்து, ஊத்தின அளவுக்கு நின்னுச்சு. மைதீன் அண்ணனுக்கு ஏகச் சந்தோசம். பழைய போர்டைக் கையில தூக்கி, அண்ணாச்சி, இதாலதான மதினி போனாங்க, போற வழியில குப்பையில எறிஞ்சுருதேன்னு சொன்னாரு.

அப்பா அதை வாங்கி மடியில வச்சுக்கிட்டாரு.

"இது மேல பழி போடாத மைதீன்"னாரு. அப்புறம் என்னைப் பார்த்தாரு. "பாவூர்சத்திரத்துல பம்பு வந்துச்சு ஏட்டி. பின்னால இருந்து உங்கம்மா சொன்னா. எண்ணெய் இருக்காது, போட்டுட்டுப் போங்கன்னா. நான் முள்ளைப் பார்த்தேன். பாதியில நின்னுச்சு. இருக்கு, நீ பேசாம படுன்னுட்டேன். அப்புறம் அவ பேசவே இல்ல."

அம்மா, எனக்குக் கொதிச்சுக்கிட்டு வந்துச்சு. மைதீன் அண்ணன் தலையைக் குனிஞ்சுக்கிட்டு வாசலுக்கு வெளிய போயிட்டாரு. நான் அடுப்படிக்குப் போய்ப் பாத்திரத்தை எல்லாம் போட்டு உடைக்காத குறை. நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டுக் கிடக்கும்போதும் நீ எந்த ஊருக்குப் போனோம், எவ்வளவு ஓடியிருக்கும்னு கணக்குப் போட்டிருக்க. இத்தனை வருசம் உன் பேச்சைக் கேட்டுத் திருப்பின மனுசனுக்கு, அன்னைக்கு மட்டும் ஏன் அந்த முள்ளு பெரிசாத் தெரிஞ்சுச்சு? வலியில உளறுதன்னு நெனச்சாரா? பம்புல நிக்கிற நேரம் கூட வீணுன்னு நெனச்சாரா? நீயாவது இன்னொரு தடவை சொல்லக் கூடாதா? கோவிச்சுக்கிட்டுப் பேசாம இருந்தியா, இல்ல பேச முடியாமத்தான் கிடந்தியா? யார்கிட்டப் போய்க் கேப்பேன்?

நாலஞ்சு நாள் நான் அப்பாகூடப் பேசல. தட்டை டம்முன்னு வைப்பேன், போயிருவேன். நேத்து மத்தியானம் சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே, உங்கம்மா என்னை மன்னிச்சிருப்பாளான்னு கேட்டாரு. அதுக்கு முன்னால எத்தனை தடவை, நீங்க என்ன தப்பு பண்ணினீங்கன்னு வாய்கூசாமச் சொல்லியிருக்கேன். நேத்து அது வரல.

"தெரியலப்பா. ஆனா தப்பு உங்க மேலதான்"னு சொன்னேன்.

அந்த மனுசன் என்ன செஞ்சாரு தெரியுமா? ஆமான்னு தலையை ஆட்டினாரு. கண்ணுல இருந்து தண்ணியா ஊத்துது, துடைக்கக் கூட இல்ல. அப்படியே தட்டை என் பக்கம் நகர்த்தி, கொஞ்சம் சோறு போடு, ரசம் ஊத்துன்னாரு. நீ போனதுக்கு அப்புறம் அவரு வாயால இன்னும் கொஞ்சம்னு கேட்டது அதுதான் முதல் தடவை. பக்கத்துலயே உட்கார்ந்து நானும் அழுதுக்கிட்டே போட்டேன். சாப்பிட்டு முடிச்சுட்டுத்தான், ஊருக்குத் தெரியட்டும், எழுதுன்னு சொன்னாரு.

எனக்குக் கோவம் போகலம்மா. போகுமான்னும் தெரியல. அவரை மன்னிக்கிறதும் மன்னிக்காததும் உன் பாடு, அதுல நான் தலையிட மாட்டேன். நான் உனக்கு ஒரு வாக்குத்தான் தர முடியும். இனிமே அப்பாகிட்ட, உங்க மேல தப்பு இல்லன்னு நான் சொல்ல மாட்டேன். அவரைத் தனியா விட்டுட்டும் போக மாட்டேன்.

உன் வயித்துல பிறந்து உன் வாயையும் வாங்கிட்டு வந்த,
உன் மக