ஆந்தையின் ஆட்சேபம்

மார்ச் 4, செவ்வாய்

ஆட்சேபம் தெரிவிக்க இன்னும் ஒரு வாரம். நாங்கள் கட்டப்போகும் ஆற்றுப் பாலத்துக்கு இதுவரை வந்தவை எல்லாம் எதிர்பார்த்தவைதான். படகுத்துறைக்காரர் எழுதியிருக்கிறார். ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர் ஒருவர் பாலம் லட்சணமாக இல்லை என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார், படத்தோடு. அவர் வரைந்த பாலம் எங்களுடையதைவிட நன்றாகத்தான் இருக்கிறது, நிற்குமா என்பதுதான் தெரியவில்லை.

எங்கள் திட்ட இயக்குநர் உற்சாகமாக இருக்கிறார். போன முறை இதே பாலத்துக்கு அனுமதி மறுக்கப்பட்டபோது மனிதர் உடைந்து போய்விட்டார். இந்த முறையும் மறுத்தால் திட்டத்தையே கைவிடுவதாக மேலிடம் சொல்லிவிட்டது. அக்கரையில் மருத்துவமனை, இக்கரையில் பாதி ஊர். ஆம்புலன்ஸ் பழைய பாலம் வழியாகச் சுற்றிக்கொண்டு வருவதற்குள் என்னென்ன ஆகிவிடுகிறது என்பதை என் நாத்தனார்தான் சொல்வாள். அங்கே இரவுப் பணி நர்ஸ். பகலெல்லாம் தூங்குவதால் வீட்டில் அவளுக்கு ஆந்தை என்று பெயர். வைத்தவள் நான்.

மார்ச் 11

ஆந்தை!!

ஆற்றங்கரையில் இருக்கும் செவிலியர் குடியிருப்பிலிருந்து ஓர் ஆட்சேபம். கீழே ஒரு கூட்டமே கையெழுத்துப் போட்டிருக்கிறது. முதல் கையெழுத்து அவளுடையது. எனக்கு எப்படி இருக்கும்? போன வாரம்கூட என் வீட்டில்தான் வயிறு முட்டச் சாப்பிட்டாள், ஒரு வார்த்தை சொன்னாளா? போன் போட்டேன், அணைத்து வைத்திருந்தாள். நட்டநடுப் பகல், தூங்கிக்கொண்டிருப்பாள் மகராசி.

அதற்குப் பிறகுதான் காரணத்தைப் படித்தேன்.

"ஆற்றில் தூண் அடிக்கும் வேலை பகலில் மட்டுமே நடக்கும், மக்களின் தூக்கத்துக்கு இடையூறு இருக்காது என்று விண்ணப்பத்தில் எழுதியிருக்கிறீர்கள். நாங்கள் தூங்குவதே பகலில்தான்."

அந்த வரியை எழுதியவள் நான். நல்ல வரி என்று வேறு நினைத்திருந்தேன்.

சாயங்காலம் அவளே கூப்பிட்டாள்.

"அண்ணி, கோவமா?"

"உனக்குப் பாலம் வேணாமாடி?"

"வேணும். எல்லாரையும் விட எனக்குத்தான் வேணும். நாள் முழுக்க ஜன்னலுக்கு வெளிய இரும்புக் குழாய் மேல சுத்தியல் அடிச்சுக்கிட்டு இருந்தா நான் எப்படித் தூங்குவேன்? அதுக்கு மட்டும் ஒரு வழி சொல்லுங்க."

"சாப்பிட்டியா" என்று கேட்டு வைத்துவிட்டேன்.

மார்ச் 12

இயக்குநரிடம் உறவைச் சொல்லிவிட்டேன். சொல்லாமல் இருப்பது முறையில்லை. "நாத்தனாரா! வீட்லயே பேசி முடிச்சிருக்கலாமே" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "சத்தம் சம்பந்தமா இனிமே நீங்க எதுவும் முடிவு பண்ண வேணாம். குடும்பத்துக்காக மாத்தினாங்கன்னு பேச்சு வந்தா விண்ணப்பமே போச்சு" என்றார். நியாயம். ஆனாலும் முகத்தில் அடித்த மாதிரி இருந்தது.

வீட்டில் இவரிடம் சொன்னேன். "நான் எந்தப் பக்கமும் இல்ல. எனக்கு ரெண்டு வீட்லயும் சோறு வேணும்" என்றார். தங்கைக்கு அண்ணன், எனக்குக் கணவன், யாருக்கும் உபயோகமில்லை.

ஏப்ரல் 24

சத்தத்தை அளக்கிற நிபுணர் குடியிருப்புக்குப் போய்விட்டு வந்தார். அவருடைய கணக்குப்படி எல்லாம் அளவுக்குள்தான் இருக்குமாம். "பகலுக்குன்னு ஒரு அளவு, ராத்திரிக்குன்னு ஒரு அளவு. பகல் அளவுக்குள்ள இருக்கு. பகல்ல தூங்கறவங்களுக்குன்னு தனியா ஒண்ணும் கிடையாதே" என்றார். சொல்லும்போது அவருக்கே சங்கடமாக இருந்தது. ஆந்தையின் கட்டிலில் படுத்துப் பார்த்தாராம், ஜன்னலுக்கு நேராக ஆறு தெரிகிறதாம்.

எங்கள் வழக்கறிஞருக்குச் சங்கடமெல்லாம் இல்லை. "அளவுக்குள் இருக்கிறது. நம் பதில் அவ்வளவுதான்."

மே 30

விசாரணைக்குத் தேதி வந்துவிட்டது. பயமாக இருக்கிறது.

ஜூன் 17, செவ்வாய்

விசாரணை. மண்டபம் நிறைந்துவிட்டது. ஆந்தை பணி முடித்து நேரே வந்திருந்தாள், கண்ணெல்லாம் சிவந்து. என்னைப் பார்த்துச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வேலைத் திட்டத்தை எழுதியவள் என்ற முறையில் என்னை அழைத்தார்கள். விசாரணை அதிகாரி மெல்லிய குரல்கொண்ட பெண்மணி, மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார்: "பகலில் தூங்குகிறவர்கள் அங்கே இருப்பது இதை எழுதும்போது உங்களுக்குத் தெரியுமா?"

வழக்கறிஞர் என்னையே பார்த்தார். அளவுக்குள் இருக்கிறது என்று சொல் என்கிற பார்வை. அதைத்தான் சொல்ல வாயைத் திறந்தேன்.

"தெரியும் மேடம். என் நாத்தனாரே அங்கதான் இருக்கா. பகல்ல தூங்கறான்னு நான்தான் அவளுக்குப் பட்டப்பேரே வச்சேன். எழுதும்போது அது தோணவே இல்ல."

மண்டபமே சிரித்தது. வழக்கறிஞரைத் தவிர.

பிறகு ஆந்தை எழுந்தாள். "இக்கரையிலேர்ந்து வர்ற நோயாளி லேட்டா வந்தா என்ன ஆகும்னு இங்க இருக்கறவங்கள்ல எனக்குத்தான் தெரியும். சீக்கிரம் பாலத்தைக் கட்டுங்க. ஆனா அந்த நோயாளி வந்து சேரும்போது, தூங்காத நர்ஸ் கையில ஊசியைக் குடுத்து நிக்க வைக்காதீங்க."

யாரும் சிரிக்கவில்லை. அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூன் 18

சத்தத்துக்கு மாற்று வழியோடு வரும்படி அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். மறுக்கவில்லை. மறுக்கவில்லை, அதுவே போதும். ஆனா மாற்று வழி இல்லன்னா? என் வாயாலேயே கெடுத்துட்டேனோ? இத்தனை பேர் உழைப்பை ஒரு நிமிஷத்துல...

இவர் டீ போட்டுக் கொடுத்தார். "நீ பொய் சொல்லியிருந்தா இன்னைக்கு நான் ஒரு பக்கம் சாஞ்சிருப்பேன்" என்றார். உபயோகமில்லை என்று எழுதியதை வாபஸ் வாங்குகிறேன்.

ஆகஸ்ட் 6

மாற்று வழி இருக்கிறது! குழாயைச் சுத்தியலால் அடித்து இறக்காமல், ஆற்றின் அடியில் துளை போட்டு, கம்பி இறக்கி, கான்கிரீட் நிரப்பித் தூண் எழுப்பலாம். நேரம் கூடுதலாகப் பிடிக்கும், சத்தம் பாதிகூட இருக்காது. அதைத் தேடிப் பிடித்தவர் நிபுணர். என்னைச் சேர்க்காத கூட்டத்தில் எல்லாம் முடிவாயிற்று. வெளியே நாற்காலியில் குட்டி போட்ட பூனை மாதிரி உட்காரவும் முடியாமல் எழவும் முடியாமல் இருந்தேன். கதவைத் திறந்துகொண்டு வந்த இயக்குநர், "பாலம் லேட்டா வந்தாலும் வரட்டுமேன்னு சொல்லிட்டேன்" என்றார். அந்த மனிதருக்கு நான் என்றும் கடமைப்பட்டிருக்கிறேன். நேரில் சொல்லவில்லை.

நவம்பர் 13, வியாழன்

அனுமதி வந்துவிட்டது.

நிபந்தனைகளும் கூடவே வந்தன. குடியிருப்புப் பக்கம் சுத்தியல் கூடாது, துளையிட்டுத்தான் தூண். மற்றதையெல்லாம் நாளைக்குப் படித்துக்கொள்ளலாம். ஓவிய ஆசிரியருக்காகக் கைப்பிடிச் சுவரின் வடிவத்தைக்கூட மாற்றச் சொல்லியிருக்கிறார்கள், பாவம், சந்தோஷப்படுவார்.

இயக்குநர் அழுதுவிட்டார். வழக்கறிஞர் என் கையைப் பிடித்துக் குலுக்கி, "அடுத்த தடவை விசாரணையில என்ன சொல்லப்போறீங்கன்னு முன்கூட்டியே சொல்லிடுங்க" என்றார்.

சந்தோஷத்தில் புத்தி மழுங்கி, உச்சி வேளையில் ஆந்தைக்குப் போன் போட்டுவிட்டேன். ஒரே மணியில் எடுத்தாள்.

"ஏண்டி, தூங்கலையா?"

"இன்னைக்கு முடிவு வரும்னு நீங்கதானே சொன்னீங்க. எப்படித் தூங்கறது? கிடைச்சிருச்சா அண்ணி?"

சொன்னேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம்.

பிப்ரவரி 9, திங்கள்

முதல் துளை இன்று. கரையில் பந்தல் போட்டுப் பெரிய மனிதர்கள் பேசினார்கள். இயந்திரம் ஓடத் தொடங்கியதும் நான் நைசாக நழுவி ஆந்தையின் வீட்டுக்குப் போனேன். மாற்றுச் சாவி எங்கள் வீட்டில்தான் இருக்கிறது.

பணி முடித்து வந்து படுத்திருந்தாள். காலணியைக்கூடக் கழற்றவில்லை. ஜன்னலுக்கு வெளியே இயந்திரம் சுற்றுவது தெரிந்தது. சமையலறையில் குளிர்சாதனப் பெட்டி உறுமுகிற அளவுக்குத்தான் கேட்டது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவள் முகத்தையே பார்த்தேன். வாயைப் பிளந்துகொண்டு தூங்கினாள்.

நிபுணரிடமிருந்து குறுஞ்செய்தி: "உள்ளே எப்படி இருக்கிறது?"

"குறட்டைதான் அளவைத் தாண்டுகிறது" என்று பதில் அனுப்பினேன்.

அவள் காலணியைக் கழற்றிக் கட்டிலுக்குக் கீழே வைத்தேன். திரையை இழுத்துவிட்டேன். என் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, படி இறங்கும்வரை வெறுங்காலோடு வந்தேன்.