நான் யாருக்கும் வாழ்வு கொடுக்கவில்லை

1981 அக்டோபர் 12, திங்கள்

காலையிலிருந்து மேகம், மழை இல்லை. பழவேற்காடு ஏரிப் பக்கமிருந்து சேற்று நாற்றம். போதும். பன்னிரண்டு வருஷம் வாயை மூடிக்கொண்டு இருந்தாகிவிட்டது. நேரில் சொல்ல ஊரில் ஒரு மனிதன் இல்லை, அதனால் இங்கே.

தலைமை ஆசிரியர் அறைக்குக் கூப்பிட்டார். (இனி த.ஆ. முழுப் பட்டத்துக்கு மை வீண்.) இந்த வருஷம் ஊனமுற்றோர் ஆண்டாம். வரும் ஞாயிறு மாலை பள்ளி மைதானத்தில் விழா. சிலருக்கு மூன்று சக்கர வண்டி, சிலருக்குத் தையல் மெஷின், எனக்குப் பொன்னாடை. எதற்கு என்று கேட்டேன்.

"என்ன சார் இப்படிக் கேக்கறீங்க? கால் ஊனமான பொண்ணுக்கு வாழ்வு கொடுத்தவரு நீங்க. நம்ம ஸ்டாஃப்ல இப்படி ஒரு தியாகி இருக்கறது ஸ்கூலுக்கே பெருமை. உங்க மிஸஸையும் மேடையில உக்கார வெக்கறோம். எல்லாரும் பாக்கணுமில்ல?"

எல்லாரும் பார்க்கணும், என் தனத்தை. நோட்டீஸ் அச்சாகி வந்துவிட்டது. என் பெயரில் எழுத்துப் பிழை.

என்னைத் தியாகி ஆக்கியவர்கள், நினைவுக்கு வந்தவரை:

அண்ணன். கல்யாணத்தன்று கோட்டைக்குப்பம் முழுக்கக் கேட்கும்படி, "எந்தம்பி பி.ஏ. பட்ச்சவன். மன்சு தங்கம். நொண்டிப் பொண்ணுக்கு வாய்வு குட்த்தான்." குடித்திருந்தான் என்று மன்னிக்க வழியில்லை. மறுநாள் குடிக்காமலும் சொன்னான்.

மாமியார். சாகும்வரை என்னைக் கண்டால் எழுந்து நின்றாள். எத்தனை தரம் சொல்லியும் உட்காரவில்லை.

டிராயிங் மாஸ்டர். பவுனை எண்ணி வாங்கிக்கொண்டு தாலி கட்டியவன். "எங்களால எல்லாம் முடியாது சார்" என்பான், வாரம் ஒரு முறை. முடியாதுதான், தெரியும்.

வாங்க: மண்ணெண்ணெய், சிவப்பு மை, தனத்தின் ஊன்றுகட்டைக்கு அடி ரப்பர்.

13, செவ்வாய்

எட்டாம் வகுப்பில் கத்தல். தொண்டை கட்டிவிட்டது.

எழுதிவிடுகிறேன். தியாகம் இல்லை, ஆசை. இந்த ஒரு சொல்லை எழுத ஐம்பது வயது.

பட்டணத்தில் காலேஜ் படித்தபோது லைப்ரரியில் ஒரு பெண்மணி வேலை பார்த்தார். காலில் தாங்கலுக்கு இரும்புக் கம்பி. அலமாரிகளுக்கு நடுவே அவர் நடந்து வரும் சத்தம் கேட்டால் எனக்குப் படிப்பு ஓடாது. ஹாஸ்டலில் மற்றவன்கள் பெட்டி மூடிக்குள் நடிகைகளின் படம் ஒட்டியிருந்தான்கள். எனக்கு இது. அதே லைப்ரரியில் மனநோய் பற்றிய தடிப் புத்தகங்களைப் புரட்டினேன். நோய்களின் பெயர்கள் கிடைத்தன, என்னைப் போல் இன்னொருவன் கிடைக்கவில்லை. உலகத்திலேயே நான் ஒருவன்தான் என்று முடிவு செய்தேன். முப்பத்தெட்டு வயதுவரை கல்யாணம் வேண்டாம் என்றேன். அதற்கும் ஊர் ஒரு பெயர் வைத்தது.

தனத்தைப் பார்த்தது இறால் உரிக்கும் கொட்டகையில். அவளுக்கு அப்போது இருபத்தேழு. சின்ன வயதில் இளம்பிள்ளை வாதம், இடது கால். கக்கத்தில் கட்டையை ஊன்றி, இடுப்பை ஒரு திருப்புத் திருப்பி, தலையில் கூடையோடு மணலில் வந்தாள். ஊரார் கண்ணுக்கு நொண்டல். எனக்கு ஊரில் வேறு எவளும் நடக்கவே இல்லை என்று தோன்றியது.

இதைச் சொல்லியிருந்தால் பொன்னாடை தருவார்களா? கல்லெடுப்பார்கள். தியாகம் என்றால் மாலை, ஆசை என்றால் அசிங்கம். அயோக்கியர்கள்.

14, புதன்

லீவு போட்டுப் பட்டணம். பொன்னேரிவரை பஸ், பிறகு ரயில். பஸ்ஸில் கருவாட்டு மூட்டைமேல் கால் வைத்து உட்கார்ந்தேன்.

போன வருஷம் தனத்துக்குக் கம்பி போடலாமா என்று பார்க்கப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். (கம்பி அவளுக்குச் சரிப்படவில்லை.) பெண்கள் உள்ளே, புருஷன்கள் வெளியே பெஞ்சில். பக்கத்தில் இருந்த காதர் பாய், வண்ணாரப்பேட்டையில் தையல் கடை, யாரோ "பாவம், உங்களுக்கும் கஷ்டம்" என்றதற்கு, "கஷ்டம் இன்னா சார்? புட்ச்சுதான் கட்டிக்கினேன். அது நடந்து வந்தா எனுக்கு இன்னிக்கும் ஊசி கைல குத்துது" என்றார். நான் திரும்பிப் பார்த்தேன். அவரும் பார்த்தார். அவ்வளவுதான், நாற்பத்தொன்பது வயதில் தனிமை முடிந்தது.

அதற்குப் பிறகு மாதம் ஒரு தரம் எதிர் டீக்கடையில் கூடுகிறோம். காதர் பாய், ஒர்க்ஷாப் ஃபிட்டர் எத்திராஜுலு, நான். எத்திராஜுலுவின் மனைவிக்கு ஒரு கை இல்லை.

பொன்னாடை விஷயம் சொன்னேன். எத்திராஜுலு டீயைத் துப்பிவிட்டான். "சால்வையா? நைனா, எம் மாமனாரு ஒரு சைக்கிள் குடுக்கறேன்னு இன்னமும் ஏமாத்தினுகீறாரு!"

"போர்த்திக்கினு வாங்க சார்," என்றார் பாய். "நான் அத்த வெட்டி ரெண்டு ஜாக்கெட் தச்சுத் தரேன்."

சிரித்தேன். ஊரில் இப்படிச் சிரித்த ஞாபகம் இல்லை.

புதிதாக ஒருவன் வந்து சேர்ந்திருந்தான், டெரிலின் சட்டை. பர்ஸிலிருந்து போட்டோக்களை எடுத்துப் பரப்பினான். பஸ் ஸ்டாப்பில் கட்டை ஊன்றி நிற்கும் பெண்கள், தெரியாமல் எடுத்தவை. பாயின் முகம் மாறியது. "அந்தப் பொண்ணு கேட்டுச்சா, என்னப் படம் புடின்னு?" அவன் இளித்தான். "நாம எல்லாரும் ஒரே ஜாதிதானே பாய்." எத்திராஜுலு அவன் சட்டையைப் பிடித்துத் தெருவில் விட்டான். போட்டோக்களைப் பாய் கிழித்து அடுப்பில் போட்டார்.

ஒரே ஜாதி. ரயில் முழுக்க அதே வார்த்தை. அவனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? த.ஆ.வுக்கும் அவனுக்கும் என்ன வித்தியாசம் என்றும் கேட்கலாம். ஒருவன் போட்டோ எடுக்கிறான், ஒருவன் மேடையில் உட்கார வைக்கிறான்.

15, வியாழன்

சாயங்காலம் தூறல். தனம் வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். நோட்டீஸைக் காட்டினேன். கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"போய் வாங்கிக்கய்யா. நானும் வந்து குந்துறேன். நீ குட்த்ததுதானே? ஊர் சொல்லட்டுமே."

அவளுமா! "நான் இன்னாடி குட்த்தேன்? நான் எடுத்துக்கினேன்" என்று கத்திவிட்டேன். பிறகு நிறுத்த முடியவில்லை. லைப்ரரி, கொட்டகை, டீக்கடை, டெரிலின் சட்டைக்காரன், எல்லாம்.

அரிவாள்மணையை மடித்து வைத்தாள். "காலா? இந்தக் காலா?" என்றாள். நான் தலையாட்டினேன். "த்தூ" என்று எழுந்து உள்ளே போனாள். மீன் பாதியில் கிடந்தது. பூனைக்கு லாபம்.

16, வெள்ளி

காப்பி இல்லை. பானையில் பழையது இருந்தது, நானே எடுத்துக்கொண்டேன்.

குழாயடியில்: "வாத்தியார் வூட்ல இன்னா சத்தம்?" "வாய்வு குட்த்தவருக்கே வாய் காட்றாளாம், காலு இல்லாதப்பவே இவ்ளோ கொய்ப்பு." 

என்னைத் தாங்கிப் பேசுகிறார்கள். அதுதான் சகிக்கவில்லை.

அவள் என்னை விட்டுப் போய்விடுவாளோ? டீக்கடை கிடைத்தது, வீடு போய்விடும் போலிருக்கிறது.

17, சனி

அரை நாள் பள்ளி. வீட்டுக்கு வந்தால் மடவை மீன் குழம்பு வாசனை. தட்டு போட்டாள். என் சோற்றில் வால் துண்டு. அவள் தட்டில் நடுத்துண்டு. எதிரிலேயே உட்கார்ந்து சாப்பிட்டாள். இதுநாள்வரை அவள் எனக்கு முன்னால் சாப்பிட்டதில்லை.

"எங்கம்மா ஒண்ணே ஒண்ணுதான் சொல்லினு இருந்துது. எதுத்துப் பேசாதடி, போட்ட பிச்சைய திருப்பி எடுத்துக்குவாருன்னு. நீ கத்துனா வாய மூடிப்பேன். நடுத்துண்டு உனுக்கு, வாலு எனுக்கு. நீ ஆசப்பட்டுக் கட்டினு வந்துகீற, நான் இன்னாத்துக்குய்யா பன்னண்டு வருசம் வாலு துன்னேன்?"

வாலைத் தின்றேன். முள் அதிகம்.

நடுத்துண்டை முடித்துவிட்டு அவள், "காலு மட்டுந்தானா?"

"மொதல்ல நடை. அப்பறம் நீ."

"போட்டோ வெச்சினு இருந்தானே, அவன மாதிரியா நீ?"

"இல்லன்னுதான் நெனைக்கிறேன்."

"நெனைக்கிறியா? கொட்டாயில வந்து வந்து நின்னியே, எனுக்குத் தெரியாதுன்னா இருந்த? தெனோம் எறா வாங்க அந்தச் சம்பளத்துல முடியுமா? எறாலுக்கு வரலன்னு அப்பவே தெரியும். மூஞ்சிக்கு வரான்னு நெனச்சேன். நல்லாத்தானே இருந்திச்சி மூஞ்சி!"

இப்போதும் நன்றாகத்தான் இருக்கிறது என்றேன். "வாய மூடு" என்றாள். என்னை அவள் அதட்டியது இதுவே முதல் தடவை.

18, ஞாயிறு

காலையில் பேய் மழை, மத்தியானம் விட்டது. விழா நடக்காது என்று ஆசைப்பட்டேன். நாலு மணிக்கே மைக் செட் கத்த ஆரம்பித்தது.

சட்டை மாட்டினேன். மேடை ஏறி உண்மையைச் சொல்லிவிட்டு, பொன்னாடையைத் த.ஆ. தோளிலேயே போட்டுவிட்டு வருவதாகத் திட்டம். தனம் கட்டையைக் கதவுக்குக் குறுக்கே வைத்தாள்.

"மைக்ல இன்னா சொல்லப் போற? எம் பொண்டாட்டி காலு எனுக்குப் புடிக்கும்னா? அப்பறம் நான் கட வீதில நடந்தா ஊரே எங்க பாக்கும்? உன் ஆச உனுக்கு. என் காலு ஊர் சொத்தில்ல."

சட்டையைக் கழற்றினேன்.

இரண்டு பேரும் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து கேட்டோம். த.ஆ. என் பெயரை மைக்கில் மூன்று முறை கூப்பிட்டார். தியாகச் செம்மல் எங்கிருந்தாலும் மேடைக்கு வரவும். தனம் முந்தானையை வாயில் வைத்துச் சிரித்தாள். கடைசியில் பொன்னாடையை டிராயிங் மாஸ்டருக்குப் போர்த்திவிட்டார்கள், விழாவுக்குத் தோரணம் கட்டியதற்காக. நன்றாக வேண்டும் இந்த ஊருக்கு.

அந்த டீக்கடைப் பெஞ்சில் இன்னும் இடம் இருக்கிறது. தான் ஒருவன்தான் என்று நினைத்துக்கொண்டு எங்கேயோ ஒரு முட்டாள் புத்தகம் புரட்டிக்கொண்டிருப்பான். இந்த வாரம் எழுதியதைத் தனித்தாளில் திருத்தி எழுதினேன், ஒரு வாரப் பத்திரிகைக்கு அனுப்பலாமா என்று தனத்திடம் கேட்டேன். முழுக்கப் படிக்கச் சொன்னாள். படித்தேன். எல்லாப் பெயரையும் எடுக்கச் சொன்னாள். எடுத்தேன். ஊர்ப் பெயரும். எடுத்தேன். "உன் பேரு?" என்றாள். கையெழுத்துப் போட்டிருந்தேன், பெரிதாக, பி.ஏ.வோடு. ஐம்பது வருஷத்தில் இது ஒன்றாவது என் பெயரில் வரட்டும் என்று.

"உன் பேரு வந்தா என் காலும் வரும்," என்றாள்.

அடித்துவிட்டேன். பேனா தாளைக் கிழிக்கும் அளவுக்கு. பழவேற்காடு தபால் முத்திரை விழாமல், நாளை பொன்னேரி ரயிலடிப் பெட்டியில் போடுகிறேன். பெயர் இல்லாமல்.